சம்பளமும் விருப்பமும்: கட்டற்ற மென்பொருள் உழைப்பின் வரலாறு

லினக்ஸ் இயங்குதளம், வலைத்தளங்களைத் தாங்கும் அப்பாச்சி சர்வர், இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆகியவை எந்தத் தனி நிறுவனமும் செய்து விற்ற பொருள்கள் அல்ல. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் பல நாடுகளிலிருந்து எழுதிச் சேர்த்த நிரல்கள் அவை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதுவே மாதச் சம்பளம் தரும் வேலை. மற்றவர்கள் காசு எதுவும் வாங்காமல் இரவிலும் விடுமுறையிலும் எழுதுகிறார்கள். ஒரே கோப்பில் அடுத்தடுத்த வரிகளில் இரு தரப்பாரின் கைவண்ணமும் இருக்கும்.

சம்பளம் வாங்குபவரை உழைக்கவைப்பது எது, வாங்காதவரை உழைக்கவைப்பது எது, இருவரும் சேரும் இடத்தில் என்ன நேர்கிறது என்ற கேள்விகள் கணினித் துறையில் எழுபது ஆண்டுகளாக இருந்துவருகின்றன. இந்த வரலாற்றிலிருந்து தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. பணம் வந்ததாலேயே விருப்பம் செத்துவிடுவதில்லை. அந்தப் பணம் யாரிடமிருந்து, எந்த வேலைக்கு, யாருடைய ஒப்புதலோடு வருகிறது என்பதைப் பொறுத்தே விருப்பம் தழைப்பதும் வாடுவதும் அமைகின்றன.

நிரலுக்கு விலை வருமுன்

1950களில் கணினி நிறுவனங்கள் இயந்திரத்தை வாடகைக்கு விட்டன. நிரலுக்குத் தனி விலை கிடையாது. இயந்திரத்தோடு வந்த நிரலும் சொற்பம். தேவையானதை வாடகைக்கு எடுத்தவர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து விமானத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஐபிஎம் இயந்திரங்கள் இருந்தன. சந்தையில் போட்டியாளர்களான அந்த நிறுவனங்களின் நிரலாளர்கள், ஒரே மாதிரியான அடிப்படை நிரலை எல்லோரும் தனித்தனியே எழுதுவது வீண் என்று கண்டு 1955இல் ஷேர் என்ற பயனர் சங்கத்தை அமைத்தார்கள். ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஒருவர் எழுதியது சங்கத்தின் நூலகத்துக்குப் போகும். மற்ற உறுப்பினர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள், பிழை கண்டால் திருத்துவார்கள்.

ஆக, கூட்டாக நிரல் எழுதும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் சம்பளக்காரர்கள். அவர்களுடைய முதலாளிகள் தாராள மனத்தால் இதை அனுமதிக்கவில்லை. விமானம் விற்பதே அவர்கள் தொழில். நிரல் அதற்கான செலவு. செலவைப் பங்கிட்டுக்கொள்வது எல்லோருக்கும் லாபமாக இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் லினக்ஸுக்கு ஆள் கொடுத்ததற்கும் இதே கணக்குதான் காரணம்.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளமும் பகிர்வால்தான் பரவியது. அதன் உரிமையாளரான ஏடி அண்டு டி, 1956ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாட்டின்படி தொலைபேசித் தொழிலுக்கு வெளியே வியாபாரம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. அதனால் யூனிக்ஸை மூல நிரலோடு பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உள்ளிட்ட ஆய்வு மாணவர்கள் அதைத் திருத்தி, விரித்து, 1978 முதல் மற்றவர்களுக்குக் காந்த நாடாவில் அனுப்பினார்கள். மாணவர்களுக்குக் கிடைத்தது உதவித்தொகை மட்டுமே. எழுதிய நிரலுக்கென்று தொடக்கத்தில் யாரும் தனியாகப் பணம் தரவில்லை. கையில் இருந்த இயந்திரத்தை நன்றாக ஓடவைக்கும் ஆசையும், மற்ற பல்கலைக்கழகங்களில் தங்கள் நிரல் ஓடுகிறது என்ற பெருமிதமும் அவர்களை இயக்கின.

இதற்கிடையே நிரல் விலைப்பொருளாக மாறிக்கொண்டிருந்தது. 1969 ஜூனில் ஐபிஎம், நிரலையும் சேவையையும் இயந்திரத்திலிருந்து பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976இல் பில் கேட்ஸ், மைக்ரோசாஃப்ட்டின் பேசிக் நிரலைப் பணம் தராமல் படியெடுத்த பொழுதுபோக்குக் கணினிக்காரர்களைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தொழில்முறைத் தரமுள்ள வேலையை ஊதியம் இல்லாமல் யாரால் செய்ய முடியும் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். 1980இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் நிரலையும் வெளிப்படையாக உள்ளடக்கியது. மூல நிரலைப் பூட்டிவைப்பது தொழிலின் பொது வழக்கமாயிற்று.

கொள்கைக்காக எழுதியவர்கள்

எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் நிரலைப் பகிர்ந்து வாழ்ந்த ஒரு சிறு சமூகம் 1980களின் தொடக்கத்தில் கலைந்தது. அங்கிருந்த திறமைசாலிகள் பலரைப் புதிதாகத் தோன்றிய நிறுவனங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. எஞ்சியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், யார் வேண்டுமானாலும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயரிட்டார். தான் எழுதும் நிரலுக்கு எம்ஐடி உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக 1984 ஜனவரியில் வேலையை விட்டார்.

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றில் அறக்கொள்கையே உழைப்புக்கு முதற்காரணமாக முன்வைக்கப்பட்டது இங்கேதான். ஆனால் ஸ்டால்மன் பணத்தை வெறுக்கவில்லை. ஈமேக்ஸ் என்ற தொகுப்பானை 150 டாலருக்கு நாடாவில் பதிந்து அனுப்பி அந்த வருமானத்தில் காலம் தள்ளினார். 1985இல் வெளியிட்ட க்னூ அறிக்கையில், நிரலாளர்கள் பட்டினி கிடப்பார்களே என்ற எதிர்வாதத்தை எடுத்துக்கொண்டு விடை சொன்னார்: கற்பித்தல், பராமரித்தல், புதிய இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றித் தருதல் ஆகியவற்றுக்கு ஊதியம் கிடைக்கும், வருமானம் குறையலாம், ஆனால் நிரல் எழுதும் ஆர்வம் சிலரை விடவே விடாது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நன்கொடையையும் நாடா விற்பனையையும் கொண்டு நிரலாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. 1989இல் வந்த ஜிபிஎல் உரிமம், நிரலை மாற்றி வெளியிடுபவர் அந்த மாற்றத்தையும் மற்றவர்களுக்குத் திறந்துவைக்கக் கட்டாயப்படுத்தியது. தன் உழைப்பை ஒரு நிறுவனம் எடுத்துப் பூட்டிவிடும் என்ற அச்சம் இதனால் நீங்கியது. சம்பளமில்லாமல் எழுதுபவருக்கு இது பெரிய உறுதிமொழி.

அதே 1989இல் கலிஃபோர்னியாவில் மூவர் சேர்ந்து தொடங்கிய சிக்னஸ் நிறுவனம், க்னூ நிரல்களைப் பராமரித்துத் தருவதையே தொழிலாக்கியது. புதிய சில்லு தயாரிப்பவர்களுக்குத் தங்கள் சில்லில் ஓடும் நிரல்மாற்றி தேவைப்பட்டது. க்னூவின் நிரல்மாற்றியான ஜிசிசியை அதற்கேற்ப மாற்றித் தர அவர்கள் பணம் கொடுத்தார்கள். எழுதிய நிரலோ எல்லோருக்கும் திறந்தே இருந்தது. கொள்கைக்காகத் தொடங்கிய திட்டத்தில் சம்பளக்காரர்களும் நிலையான இடம் பெற்றார்கள்.

பொழுதுபோக்கில் பிறந்த லினக்ஸ்

க்னூ இயங்குதளத்தில் மையமான கெர்னல் மட்டும் நிறைவேறாமல் இருந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25 அன்று தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அது வெறும் பொழுதுபோக்கு என்றும், க்னூவைப் போலப் பெரிதாக வராது என்றும் அந்த அறிவிப்பில் குறிப்பிட்டார். கொள்கை அறிக்கை எதுவும் அவரிடம் இல்லை. தவணையில் வாங்கிய புதிய 386 கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலே அவரைச் செலுத்தியது.

முதல் பதிப்பின் உரிமம் அதைப் பணத்துக்கு விநியோகிப்பதைத் தடை செய்திருந்தது. நெகிழ்தட்டில் படியெடுத்துத் தருபவர்கள் செலவுக்காவது காசு வாங்க வேண்டியிருந்ததால் 1992இல் அவர் ஜிபிஎல்லுக்கு மாறினார். பணம் அனுப்ப முன்வந்த பயனர்களிடம் தபால் அட்டை அனுப்பினால் போதும் என்றார். உலகெங்கிலுமிருந்து அட்டைகள் வந்தன. அவருடைய கணினிக்கான தவணைப் பாக்கியைப் பயனர்களே தங்களுக்குள் வசூலித்து அடைத்தார்கள். அது செய்த வேலைக்குக் கணக்கிட்ட ஊதியம் அல்ல, நன்றிக்கடன். இந்த வேறுபாட்டைத் தன்னார்வலர்கள் எப்போதும் கூர்மையாக உணர்ந்திருக்கிறார்கள்.

லினக்ஸுக்கு பேட்ச் எனப்படும் திருத்த நிரல் அனுப்பியவர்கள் பல காரணங்களால் வந்தார்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் வட்டோ நெட்வொர்க் அட்டையோ வேலை செய்யவில்லை என்பதே முதற்காரணம். சரிசெய்து அனுப்பியதை டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் அது உலகம் முழுவதும் போனது. பெயரும் பதிந்தது: கெர்னலோடு வரும் பங்களிப்போர் பட்டியல் கோப்பில் இடம்பெறுவது மாணவர்களுக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. பிரிட்டனின் ஸ்வான்சீயில் இருந்த ஆலன் காக்ஸ் போன்றோர் நெட்வொர்க் பகுதியைத் தாங்களாகவே எடுத்துச் சீர்படுத்தி, அதன் பொறுப்பாளர்களாக உயர்ந்தார்கள். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வெளிவந்தபோது அது ஏறத்தாழ 1,76,000 வரிகள் கொண்ட இயங்குதள மையமாக வளர்ந்திருந்தது.

அப்பாச்சி சர்வர் வேறொரு பாதையில் வந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் எழுதப்பட்ட வலை சர்வர், அதை எழுதியவர் 1994இல் அங்கிருந்து போன பிறகு கவனிப்பாரற்று நின்றது. அதை நம்பி வலைத்தளம் நடத்தியவர்கள் ஆளாளுக்குத் திருத்தம் செய்துகொண்டிருந்தார்கள். 1995இல் அவர்களில் எட்டுப் பேர் தங்கள் பேட்ச்களை ஒன்றுசேர்த்தார்கள். வலைத்தளத்தை நடத்துவது அவர்களில் பலருக்குச் சம்பள வேலை. சர்வரைத் திருத்துவது அந்த வேலைக்கு உதவியாகத் தாங்களே எடுத்துக்கொண்ட பணி. தன்னார்வலர், சம்பளக்காரர் என்ற பிரிவு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அப்பாச்சி நல்ல சான்று. ஓராண்டுக்குள் அது உலகில் மிக அதிகம் பயன்படும் வலை சர்வராயிற்று. 1998இல் ஐபிஎம் தன் பொறியாளர்களோடு வந்து சேர்ந்தபோதும், 1999இல் அறக்கட்டளையாகப் பதிவுசெய்தபோதும், உறுப்பினர் தகுதி தனிமனிதருக்கே என்ற விதியை அந்தக் குழு காப்பாற்றிக்கொண்டது. நிறுவனத்துக்கு அங்கே வாக்கு இல்லை.

காரணம் தேடிய அறிஞர்கள்

1990களின் பிற்பகுதியில் இந்த வெற்றி பொருளியலாளர்களுக்குப் புதிராயிற்று. எரிக் ரேமண்ட் 1998இல் எழுதிய கட்டுரையில், நிரலாளர் சமூகத்தைக் கொடையால் மதிப்புப் பெறும் சமூகமாக விளக்கினார்: அங்கே கொடுப்பவருக்கே பெயர், பெயரே செல்வம். பொருளியலாளர்களான ஜோஷ் லெர்னரும் பின்னர் நோபல் பரிசு பெற்ற ழான் திரோலும் 2002இல் வெளியான ஆய்வில் இன்னொரு கோணத்தை வைத்தார்கள். திறந்த நிரலில் யார் எதை எழுதினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வேலை தேடுபவரின் திறமைக்குச் சான்றிதழாகிறது. இன்றைய இலவச உழைப்பு நாளைய வேலைக்கு முதலீடு என்பது அவர்கள் வாதம்.

நிரலாளர்களையே கேட்டவர்களுக்கு வேறு விடைகளும் கிடைத்தன. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ரிஷப் ஐயர் கோஷ் தலைமையில் 2002இல் நடந்த கணக்கெடுப்பில் 2,700க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். புதிய திறன் கற்பதும், தெரிந்ததைப் பகிர்வதும் அவர்கள் அதிகம் சொன்ன காரணங்கள். கரீம் லக்கானியும் ராபர்ட் வுல்ஃபும் 287 திட்டங்களைச் சேர்ந்த 684 நிரலாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அந்த வேலைக்காகச் சம்பளம் பெறுபவர்கள் என்று தெரிந்தது. எல்லோரிடமும் வலுவாகத் தெரிந்த உந்துதல், அந்த வேலை செய்யும்போது தன் படைப்பாற்றல் முழுதும் வெளிப்படுகிறது என்ற உணர்வு. சம்பளம், படைப்புணர்வு இரண்டும் ஒருவர் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் உழைத்தார் என்பதோடு தொடர்புகொண்டிருந்தன.

இந்த முடிவு முக்கியமானது. ஏனெனில் உளவியலில் அதற்கு முரணான ஒரு கருத்து ஏற்கெனவே வலுப்பெற்றிருந்தது. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர்களை விருப்பத்தோடு தீர்த்துவந்த மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூலில், இரத்தத்துக்கு விலை வைத்தால் இரத்ததானம் கெடும் என்று பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு வாதிட்டார். பணம் விருப்பத்தை வெளியே தள்ளும் என்ற இந்த அச்சம் மென்பொருளில் மெய்யா என்ற கேள்விக்கு ஆய்வறையைவிட இரண்டு பெரிய திட்டங்களின் வரலாறே தெளிவான விடை தருகிறது.

சம்பளத்துக்கு மாறிய கெர்னல்

முதலாவது, லினக்ஸ் கெர்னல். 1999 ஆகஸ்ட்டில் ரெட் ஹாட் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, கட்டற்ற நிரலை எழுதியவர்களுக்கும் வெளியீட்டு விலையில் பங்கு வாங்க வாய்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டில் லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவிடப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. இன்டெல், ஐபிஎம், ரெட் ஹாட், கூகுள், சாம்சங் முதலிய நிறுவனங்கள் கெர்னல் எழுதுவோரைச் சம்பளத்துக்கு எடுத்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தேவை இருந்தது: ஒருவருக்குச் சில்லு விற்க வேண்டும், ஒருவருக்கு சர்வர், இன்னொருவருக்குக் கைபேசி.

லினக்ஸ் அறக்கட்டளை 2008இல் வெளியிட்ட அறிக்கை, கெர்னல் வேலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் சம்பளத்துக்குச் செய்யப்படுகிறது என்றது. சம்பளமில்லாதோரின் பங்கு 2012 அறிக்கையில் 14.6 விழுக்காடு, 2017இல் 8.2. விருப்பம் வற்றியதால் இந்தச் சரிவு வந்தது என்று கொள்ள முடியாது. கெர்னல் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நல்ல பேட்ச் நாலைந்து அனுப்பிய தன்னார்வலரை யாராவது ஒரு நிறுவனம் வேலைக்கு அழைத்துக்கொள்கிறது. லெர்னரும் திரோலும் சொன்னது இங்கே அப்படியே நடந்தது.

பணம் பெருகியும் கெர்னல் சமூகம் உடையாததற்குக் காரணம் அதன் அமைப்பு. சம்பளம் வெளியிலிருந்து, பல நிறுவனங்களிடமிருந்து வருகிறது. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை முடிவு செய்பவர்கள் பகுதிவாரிப் பராமரிப்பாளர்கள். பெரிய நிறுவனத்தின் பொறியாளர் அனுப்பிய பேட்சும் குறைபாடு இருந்தால் திரும்பிப் போகும். பராமரிப்பாளர் நிறுவனம் மாறினாலும் அவருடைய பொறுப்பு அவரோடு போகிறது. சம்பளம் நேரத்தை வாங்கித் தந்தது. மதிப்பையும் அதிகாரத்தையும் வாங்க முடியவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. நிறுவனம் தன் வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரலை எழுத ஆள் வைக்கும். எல்லோருக்கும் பொதுவான ஆவணத்தை எழுதவோ மற்றவர் பேட்சைப் படித்துச் சரிபார்க்கவோ ஆள் வைப்பது அரிது. சம்பளக்காரரின் கவனம் சம்பளம் தருபவரின் தேவையை ஒட்டியே நகர்கிறது.

சம்பளத்தை எதிர்த்த டெபியன்

இரண்டாவது, டெபியன். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் தொடங்கிய இந்த லினக்ஸ் வழங்கல், முழுக்கத் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளைத் திரட்டி, சோதித்து, ஒன்றோடொன்று இசையவைப்பது அதன் பணி. 1997இல் சமூக ஒப்பந்தம், 1998இல் அரசியலமைப்பு என்று எழுத்துமூலமான ஆட்சிமுறையை வகுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அந்த அரசியலமைப்பு, திட்டத்துக்காக வேலை செய்யும் கடமையை யார்மீதும் சுமத்தவில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. செய்பவர் தாமாக ஏற்றுச் செய்கிறார். செய்ததனாலேயே அந்தப் பகுதியில் முடிவெடுக்கும் உரிமை பெறுகிறார்.

இதன் விலை தாமதம். புதிய பதிப்புகள் குறித்த நாளில் வருவதில்லை. 2006இல் தலைவராக இருந்த ஆண்டனி டவுன்ஸ், எட்ச் என்ற பதிப்பை டிசம்பர் தொடக்கத்தில் கொண்டுவரும் நோக்கில் சிலரோடு சேர்ந்து டங்க்-டாங்க் என்ற சோதனையைத் தொடங்கினார். நன்கொடை திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவருக்கு ஆளுக்கு ஒரு மாதம் முழுநேர வேலைக்கு ஊதியம் தருவது திட்டம்.

நோக்கம் நல்லது; விளைவு கசப்பு. தலைவரே முன்னின்று, தம் சகாக்களில் இருவரைத் தேர்ந்து பணம் தருவது சமமானவர்களிடையே ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் என்று பலர் எதிர்த்தார்கள். இத்தனை ஆண்டு சும்மா செய்த எங்கள் வேலை மட்டும் மதிப்பற்றதா என்ற வலி அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது. சிலர் தங்கள் பங்களிப்பைக் குறைத்துக்கொள்வதாக வெளிப்படையாக அறிவித்தார்கள். தலைவரைப் பதவியிறக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. எட்ச் இறுதியில் 2007 ஏப்ரல் 8 அன்றுதான் வெளிவந்தது. டெசியின் சோதனையில் கண்டதை நினைவூட்டும் சம்பவம் இது. ஆனால் இங்கே பணம் பெற்றவர்களின் விருப்பத்தைவிட, பெறாதவர்களின் விருப்பமே அதிகம் புண்பட்டது.

அதே டெபியனில் 2014இல் தொடங்கிய நீண்டகால ஆதரவுத் திட்டம் வேறுவிதமாக முடிந்தது. பழைய பதிப்புகளுக்கு ஐந்தாண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் தருவது சலிப்பூட்டும் வேலை. புதியதை எழுதும் மகிழ்ச்சி அதில் இல்லை. தன்னார்வலர்கள் அதைச் செய்ய முன்வரவில்லை. பழைய பதிப்பை நம்பியிருந்த நிறுவனங்களிடம் பணம் பெற்று, டெபியனின் மூத்த உருவாக்குநர் ரஃபேல் ஹெர்ட்சோக் நடத்தும் ஃப்ரெக்ஸியன் நிறுவனம், அந்த வேலை செய்பவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தந்தது. பணம் திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. யாரும் விரும்பாத வேலைக்கு வந்தது. டெபியனின் தலைமை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. டங்க்-டாங்க் எங்கே தவறியது என்பது இந்த ஒப்பீட்டில் துலங்குகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இழை உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் மையம் மத்திய அரசின் நிதியில் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அரசுச் சம்பளத்தில் பணியாற்றிய பொறியாளர்கள், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் திரட்டிவைத்த பொதிகளின் மேல் இந்திய மொழி வசதிகளைச் சேர்த்தார்கள். கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் தமிழ் இடைமுகமோ தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பில் உருவானது. அந்தந்த மொழி பேசுவோரின் பற்றுதான் இத்தகைய மொழிபெயர்ப்புக்கு முதல் முதலீடு.

கவனிப்பாரற்ற அடித்தளம்

தன்னார்வம் ஒன்றையே நம்புவதன் ஆபத்து 2014 ஏப்ரல் 7 அன்று உலகுக்குத் தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பிழை அன்று அம்பலமானது. சர்வரின் நினைவகத்திலிருந்து கடவுச்சொல்லையும் மறைவிசையையும் அந்நியர் எடுக்க வழிவிட்ட அந்தப் பிழை, 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்தே இருந்தது. இணையத்தின் பெரும்பகுதி சார்ந்திருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஊரே தண்ணீர் எடுக்கும் ஏரியைத் தூர்வாரக் குடிமராமத்துக்கு ஆள் வராமல் போனது போன்ற நிலை அது. பயன்படுத்தியவர்கள் எல்லோரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வதாக எண்ணியிருந்தார்கள். அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளை, அமேசான், கூகுள், ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களிடம் ஆளுக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர் வீதம் மூன்றாண்டுக்குப் பெற்று ஒரு நிதியை அமைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேரப் பணியாளர் இருவர் அந்த நிதியில் கிடைத்தார்கள்.

மறைகுறியாக்க மென்பொருளான ஜிஎன்யுபிஜியை ஜெர்மனியில் 1997 முதல் எழுதிப் பராமரித்த வெர்னர் கோக், தொடர்ந்து செய்யப் பணமில்லாத நிலைக்கு வந்ததை 2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா இதழ் வெளிக்கொணர்ந்தது. உடனே நன்கொடைகள் குவிந்தன. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப் நிறுவனமும் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தர முன்வந்தன. ஒருவரின் விருப்பம் பதினெட்டு ஆண்டு தாங்கியதை உலகம் அன்றுதான் பார்த்தது.

எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் கதை இன்னும் கவலைக்குரியது. அதை ஒரே தன்னார்வலர் பராமரித்துவந்தார். 2022இல் வேகமாகத் திருத்தம் செய்யச் சொல்லி அடையாளம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். நீண்டகால மனநலச் சிக்கலால் திட்டத்தை அதிகம் கவனிக்க முடியவில்லை என்றும், இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குத் திட்டம் என்பதை மறக்க வேண்டாமென்றும் அவர் பதில் எழுதினார். உதவுவதுபோல் நெருங்கிய ஒருவர் மெல்லமெல்லப் பொறுப்பைப் பெற்று, 2024இல் லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழையும் இரகசிய வழியை நிரலில் புகுத்தினார். மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தியவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்ட்டில் சம்பளத்துக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எழுதுபவர். தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவது ஏன் என்று தோண்டிப் பார்த்ததே அவரைக் கண்டுபிடிப்புக்குக் கொண்டுசென்றது. அந்த இரகசிய வழியைத் தேடச் சொல்லி யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. சம்பளம் வாங்குபவரிடமும் தன்னார்வலரின் ஆவல் உயிரோடு இருந்ததால் உலகம் தப்பியது.

சம்பளத்தை மட்டும் நம்பிய திட்டங்களுக்கு வேறு ஆபத்து. 2003இல் ஏஓஎல் நிறுவனம் தன் நெட்ஸ்கேப் உலாவிப் பிரிவை மூடியபோது, 1998இலேயே நிரலைத் திறந்துவைத்திருந்ததால் மோசில்லா அறக்கட்டளையாக அது பிழைத்து, மறு ஆண்டே ஃபயர்ஃபாக்ஸைத் தந்தது. 2010இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், சன்னின் ஓப்பன்சோலாரிஸ் இயங்குதளத்தை நிறுத்தியது. பெரும்பாலும் சன்னின் ஊழியர்களே எழுதிய அது, அவர்கள் இல்லாமல் அதே உருவில் தொடர முடியவில்லை. அதே ஆண்டு ஓப்பன்ஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பை எழுதியவர்கள் பிரிந்து லிப்ரேஆபீஸைத் தொடங்கினார்கள்; பல நிறுவனங்களின் ஆதரவும் பல தன்னார்வலர்களும் கூடியதால் அது நிலைத்தது. சம்பளம் தருபவர் ஒருவரானால் அவருடைய முடிவே திட்டத்தின் முடிவு.

இரண்டு உந்துதல்களின் இயல்பு

இந்த எழுபது ஆண்டு வரலாற்றைத் தொகுத்தால் தன்னார்வலருக்கும் சம்பளக்காரருக்கும் உள்ள வேறுபாடு துலக்கமாகிறது. தன்னார்வலர் தமக்குப் பிடித்ததை, தமக்குத் தேவையானதை, தம் நம்பிக்கைக்கு உகந்ததைச் செய்கிறார். லினக்ஸின் தொடக்கம்போல யாரும் கேட்காத புதுமை அங்கிருந்து வருகிறது. சலிப்பூட்டும் பராமரிப்பும் காலக்கெடுவும் அங்கே நழுவுகின்றன. சோர்ந்தால் அவர் விலகுகிறார், விலக உரிமையும் உண்டு. சம்பளக்காரர் தொடர்ச்சியையும் முழுநாள் உழைப்பையும் தருகிறார். பழைய பதிப்பைக் காப்பதும் புதிய சில்லுக்கு நிரலை மாற்றுவதும் அவரால் நடக்கின்றன. நிறுவனத்தின் திசை மாறினால் அவருடைய திசையும் மாறுகிறது.

கற்கும் ஆசை, திறமையை மதிக்கும் சகாக்களின் பார்வை, தான் எழுதியது பயன்படுகிறது என்ற நிறைவு ஆகிய மூன்றும் இருவருக்கும் பொது. கெர்னலில் சம்பளம் பெறுபவர்களில் பலர் ஒரு காலத்தில் சம்பளமின்றித் தொடங்கியவர்கள். பணியிடம் மாறியும் அதே பகுதியை விடாமல் பராமரிக்கிறார்கள். சம்பளம் இந்த மூன்றுக்கும் மாற்றாக வரும்போது வேலை வறள்கிறது. அவற்றைத் தொடர நேரம் தரும் ஆதாரமாக வரும்போது செழிக்கிறது.

இந்தப் பாடத்தை ஒட்டியே அண்மைக்கால ஏற்பாடுகள் அமைந்துள்ளன. கூகுள் 2005 முதல் கோடைகாலத்தில் புதிதாகச் சேர்வோருக்கு உதவித்தொகை தந்து திட்டங்களில் சேர்க்கிறது. வேலையை மேற்பார்ப்பவர்கள் அந்தந்தத் திட்டத்தின் மூத்தவர்கள். 2019 முதல் கிட்ஹப் தளத்தில் பயனர்கள் பராமரிப்பாளருக்கு நேரடியாக மாதத்தொகை அனுப்பலாம். ஜெர்மனி 2022இல் பொது நிதியிலிருந்து அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்குப் பணம் தரும் நிறுவனத்தை நிறுவியது; சாலையையும் பாலத்தையும் போலவே இந்த நிரல்களும் அரசின் பொறுப்பில் ஒரு பங்கு கொண்டவை என்று ஏற்றதன் அடையாளம் அது. இவை அனைத்திலும் பணம் தருபவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு. அந்தப் பிரிவினை காக்கப்படும் இடங்களில் சம்பளக்காரரும் தன்னார்வலரும் ஒரே திட்டத்தில் நெடுங்காலம் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள்.